படியும் பகையும்

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்குப் படிக்கட்டைப் போல உதவுகிற பொருள் வேறு கிடையாது. கதாநாயகனை வாளும் கையுமாக நான்கு படி மேலே நிறுத்தி, கீழே நாற்பது பேரை நிறுத்திவிட்டால் போதும். அத்தியாயம் தானாக ஓடும். நானும் இரண்டொரு அத்தியாயங்களை அப்படி ஓட்டியிருக்கிறேன். வாசகர்கள் ஆட்சேபித்ததில்லை.

ஆட்சேபிக்கவும் இடமில்லை. செஞ்சிக்குப் போய் ராஜகிரியின் மேல் ஏறிப் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். மலை ஏறக்குறைய 800 அடி. அடிவாரத்தில் தாராளமாகத் தொடங்கும் வழி, ஏற ஏறக் குறுகிக்கொண்டே போகிறது. நடுநடுவே வாசல்கள். வாசலுக்கு வாசல் மூச்சு வாங்குகிறது. வெறுங்கையோடு போகிற நமக்கே இப்படியென்றால், வேலும் துப்பாக்கியும் சுமந்து, மேலிருந்து கல் உருண்டு வருமோ என்று அண்ணாந்து பார்த்தபடி ஏறியவன் கதி என்ன? உச்சியை நெருங்கும் இடத்தில் படியே அற்றுப் போய்விடுகிறது. எதிரே ஒரு பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு மரப்பாலம். பகைவன் வந்தால் பாலத்தை எடுத்துவிட வேண்டியதுதான். படி கட்டியவனின் புத்தி அந்தப் படி இல்லாத இடத்தில்தான் இருக்கிறது!

என் அண்ணன் மகன் கணினியில் ஒரு விளையாட்டு ஆடுகிறான். செத்த பிணங்கள் எழுந்து கூட்டமாக வருகின்றன. இவன் படிக்கட்டை நடுவில் வெட்டிவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டு சுடுகிறான். செஞ்சிக்கு அவன் போனதில்லை.

ஆனால் படி எவ்வளவு வலிதோ, காவலும் அவ்வளவு வலிதாக இருக்க வேண்டும். 1690-இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகைக்கு 1698 வரை தாக்குப் பிடித்த அதே செஞ்சியை, 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். புஸ்ஸியின் ஆட்கள் வெடி வைத்துக் கதவைத் தகர்த்து, மூன்று மலைகளிலும் இருட்டோடு இருட்டாக ஏறிவிட்டார்கள். பொழுது விடிந்து, ஏறி வந்த வழியைப் பார்த்தபோது தாங்களே வியந்து போனார்களாம். பகலாக இருந்திருந்தால் ஏறியிருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

1753 நவம்பரில் திருச்சிராப்பள்ளியிலும் இதே இரவு வித்தையைச் செய்து பார்த்தார்கள். இங்கே படி கிடையாது. ஏணி சாத்தி வெளிமதிலில் ஏறினார்கள். பிடித்த பீரங்கி மேடையில் சும்மா இருக்க மாட்டாமல் சுட்டுத் தொலைத்தார்கள். ஊர் விழித்துக்கொண்டது. உள்மதிலுக்குக் கொண்டுவந்த ஏணிகள் நொறுங்கின. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் சிறைப்பட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் மலைக்கோட்டை கிடையாது. அதனால் சண்டைக்காரர்கள் கோவிலைக் கோட்டையாக்கினார்கள். கருங்கல் மதில், உயர்ந்த கோபுரம், அதற்குள்ளே ஒருவன் பின் ஒருவனாக ஏறக்கூடிய இருட்டுப் படி, கேட்பானேன்! 1751-இல் காஞ்சிக் கோவிலில் பிரெஞ்சுக்காரர் புகுந்துகொள்ள, கிளைவ் பெரிய பீரங்கிகளை வரவழைத்து மதிலை இடித்தார். உள்ளே இருந்தவர்கள் இரவில் நழுவிவிட்டார்கள்.

1757-இல் நிலைமை தலைகீழ். உள்ளே கம்பெனியின் சிப்பாய்கள், அவர்களுக்கு ஒரு சார்ஜெண்ட். வெளியே பிரெஞ்சுப் படை. இந்த முறை கோவில் பிடிபடவில்லை. தாக்கியவர்கள் ஆள் சேதத்தோடு பின்வாங்கினார்கள். பின்வாங்கியவர்கள் சும்மா போகவில்லை. ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குச் சற்று முன்பு ஆங்கிலேயர் வந்தவாசிப் பேட்டையைக் கொளுத்தியிருந்தார்கள். அதற்குப் பதிலடி என்று பேர்.

காஞ்சி நெசவாளர் ஊர். பாவைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு ஓடலாம். தறிக்குழியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? கோவிலுக்குள் இருந்தவர்களுக்கு மதில் இருந்தது, படி இருந்தது. வந்தவாசிக்காரன் வீட்டுக்கும் காஞ்சிக்காரன் வீட்டுக்கும் இருந்தது கீற்றுக் கூரை. நாவலில் வாள் பிடித்து நிற்கும் கதாநாயகனுக்குப் பின்னால் இந்த வீடுகளை எழுத எந்த அத்தியாயத்திலும் இடம் கிடைப்பதில்லை.

தீ வைத்த படை உத்தரமேரூருக்குத் திரும்பிப் போயிற்று. காஞ்சிக்கும் உத்தரமேரூருக்கும் நடுவில், செய்யாற்றங்கரையில், எங்கள் மாகறல் இருக்கிறது. சம்பந்தர் பாடிய கோவில் உண்டு. ஏறிக்கொள்ள மலை கிடையாது.