மைதானத்தில் இறங்கிய மத்தியஸ்தர்

ஒரு பந்தும், ஒரு திறந்த வெளியும், அந்திப் பொழுதில் ஒன்றுகூடும் பத்துப் பதினைந்து சிறுவரும் இருந்தாற் போதும், உதைபந்தாட்டம் நடந்துவிடும். வறிய நாடுகள் பலவற்றிலும் இவ்வாட்டம் வேரூன்றியமைக்கு இந்த எளிமையே காரணம். ஆனால், செல்வத்திற் சிறந்த ஐக்கிய அமெரிக்காவிலோ, திறமை வாய்ந்த ஒரு சிறுவன் முறையான போட்டியொன்றில் ஆடுவதற்கு முன்னர் அவனுடைய பெற்றோர் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டியிருக்கிறது. அவன் எந்த அமைப்பின் கீழ் ஆடப்போகிறான் என்பதே அவ்வினா. இவ்வினா எழுந்த வரலாறு, ஒரே ஆட்டத்தை வளர்க்க முற்பட்ட பல அமைப்புக்கள் ஒன்றோடொன்று மோதிய வரலாறாகும்.

அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 1913ஆம் ஆண்டிலே தோன்றியது. இளைஞருக்கான தேசியக் கிண்ணப் போட்டி 1935ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. எனினும், நெடுங்காலமாக இவ்வாட்டம் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியோரின் ஆட்டமாகவே கருதப்பட்டது. 1950ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டின் பெலோ ஹொரிசொன்டே நகரில், உலகக் கிண்ணப் போட்டியில் அமெரிக்க அணி இங்கிலாந்தை ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்று உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஆயினும் அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள் அந்நாடு உலகக் கிண்ணப் போட்டியிற் கால்வைக்க முடியவில்லை. வெற்றி கிடைத்தது, அவ்வெற்றியைத் தொடரக்கூடிய ஓர் இளந்தலைமுறை உருவாக்கப்படவில்லை.

அத்தலைமுறையை உருவாக்கும் முயற்சியில் முதலிற் குறிப்பிடத்தக்கது 1964ஆம் ஆண்டிலே, கலிபோர்னியா மாநிலத்தின் டொரன்ஸ் என்னும் ஊரில் தொடங்கிய அமெரிக்க இளையோர் உதைபந்தாட்ட நிறுவனமாகும். இதனைச் சுருக்கமாக ஏ.வை.எஸ்.ஓ. என அழைப்பர். ஒன்பது அணிகளுடன் தொடங்கிய இந்நிறுவனத்தின் முதற் கொள்கை, யாவரும் ஆடவேண்டும் என்பதே. அணியிற் சேர்ந்த எப்பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமாவது மைதானத்தில் நிற்கவேண்டும். வல்லவர் யாவரும் ஓரணியிற் குவியாத வண்ணம் அணிகள் சமபலமாகப் பிரிக்கப்படவேண்டும். பயிற்றுவோரிற் பெரும்பாலோர் ஊதியம் பெறாத பெற்றோரே.

பத்தாண்டுகள் கழித்து, 1974இல், சம்மேளனத்தின் இளைஞர் பிரிவாக ஐக்கிய அமெரிக்க இளைஞர் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்தது. முதலாண்டிலேயே ஏறத்தாழ ஒரு இலட்சம் பிள்ளைகள் இதிற் பதிவு செய்துகொண்டனர். மறுவருடம் பிரேசிலின் புகழ்பெற்ற வீரர் பெலே நியூ யோர்க் கொஸ்மொஸ் கழகத்தில் வந்து சேர்ந்தார். அவருடைய ஆட்டத்தைக் கண்ட நகரங்களிலெல்லாம் சிறுவர் பந்தை நாடினர். கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடைசெய்து 1972இல் இயற்றப்பட்ட சட்டம் சிறுமியருக்கும் மைதானத்தின் கதவைத் திறந்துவிட்டது. காலப்போக்கில் இச்சங்கத்தின் பதிவேட்டில் முப்பது இலட்சம் பெயர்கள் இடம்பெற்றன.

எண்ணிக்கை பெருகவே, தேர்ந்தெடுத்தல் என்னும் பிரச்சினையும் உடன் வந்தது. மிகச் சிறந்த பிள்ளைகளைக் கண்டறிவதற்காக இச்சங்கம் 1977ஆம் ஆண்டில் ஒலிம்பிக் அபிவிருத்தித் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. சிறுமியருக்கான பிரிவு 1982இல் அமைந்தது. மாநிலத்திலே தேர்வு, பின்னர் பிராந்தியத்திலே தேர்வு, அதன் பின்னர் தேசிய அணி எனப் படிப்படியாக ஏறிச்செல்லும் ஏணி அது. அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் கட்டணம் ஒன்று காத்திருந்தது. பயணச் செலவும் பாசறைச் செலவும் பெற்றோரையே சார்ந்தன. காலில் திறமை இருந்தும் வீட்டிற் பணமில்லாத பிள்ளை ஏணியின் அடியிலேயே நின்றது.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். பதிவு செய்யப்படும் ஒவ்வொரு பிள்ளையும் அமைப்புக்கு ஒரு கட்டணம். அத்துடன், சம்மேளனத்தின் சபையிலே அவ்வமைப்பின் வாக்குப் பலமும் பதிவின் தொகையை ஒட்டியே அமைந்தது. ஆகவே, பிள்ளைகளுக்காக எழுந்த போட்டி, வருவாய்க்கும் அதிகாரத்துக்குமான போட்டியாகவும் இருந்தது. இதனை உணராதவர் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளுதல் அரிது.

இளைஞர் சங்கத்தின் நிர்வாகம் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாநிலச் சங்கங்களின் வழியாக நடைபெற்றது. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களுக்கு இவ்விரண்டு சங்கங்கள் இருந்தன. ஒரு கழகம் தன் வீரனைப் பதிவு செய்யவும், ஓரணியிலிருந்து மற்றோரணிக்கு மாற்றவும், வெளிமாநிலம் சென்று ஆடவும் இச்சங்கங்களின் விதிகளுக்கு உட்படவேண்டியிருந்தது. ஊதியம் பெறும் பயிற்றுநரைக் கொண்ட பெரிய கழகங்கள் இக்கட்டுப்பாட்டைச் சுமையாகக் கருதின. அவற்றின் அதிருப்தியிலிருந்தே 2001ஆம் ஆண்டில் யூ.எஸ். கிளப் சொக்கர் என்னும் புதிய அமைப்புப் பிறந்தது. கழகங்கள் மாநிலச் சங்கத்தைக் கடந்து நேரடியாகத் தேசிய அமைப்பொன்றிற் பதிவு செய்ய இது வழிவகுத்தது. 2004இல் இவ்வமைப்பு திறமையாளரைக் கண்டறியும் திட்டமொன்றையும் தொடங்கிற்று. தெரிவு செய்யப்பட்ட பிள்ளைகளிடம் அதற்குக் கட்டணம் அறவிடப்படவில்லை. பழைய ஏணிக்கு அருகிலே புதிய ஏணி ஒன்று சாத்தப்பட்டது எனலாம்.

இவ்விரு அமைப்புக்களும் ஒன்றையொன்று நோக்கிக் கொண்டிருந்த வேளையிற் சம்மேளனம் வாளாவிருக்கவில்லை. 1994இல் உலகக் கிண்ணப் போட்டி அமெரிக்க மண்ணிலே நடைபெற்றது. 1996இல் மேஜர் லீக் சொக்கர் என்னும் தொழில்முறை லீக் ஆரம்பமானது. 2010ஆம் ஆண்டளவில் உலகக் கிண்ணத்தையே வெல்லவேண்டும் என்ற இலக்குடன் 1998இல் திட்டமொன்று தீட்டப்பட்டது. 1999ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் பிரேடன்டன் நகரிலே, பதினேழு வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கெனத் தங்கிப் பயிலும் நிலையம் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே அவ்வணி தனது வயதுப் பிரிவின் உலகப் போட்டியில் நான்காம் இடத்தை அடைந்தது. போட்டியின் தலைசிறந்த வீரர் விருதை லான்டன் டொனவன் பெற்றார்.

ஒரு நிலையத்தில் ஒருசிலரைப் பயிற்றுவித்தல் போதாது என்ற எண்ணம் விரைவிலே வலுப்பெற்றது. அமெரிக்கப் பிள்ளைகள் போட்டிகளில் அளவுக்கு மிஞ்சி ஆடுகிறார்கள், பயிற்சியோ குறைவு, வாரந்தோறும் வெற்றியையே நாடும் பயிற்றுநர் கலையைக் கற்பிக்க மறந்துவிடுகிறார் என்ற குறைகள் எடுத்துக்காட்டப்பட்டன. இவற்றைத் திருத்துவதற்காக 2007ஆம் ஆண்டில் சம்மேளனம் தானே ஒரு லீக்கைத் தொடங்கியது. அபிவிருத்தி அக்கடமி என்பது அதன் பெயர். அறுபத்து நான்கு கழகங்கள் அதிற் சேர்க்கப்பட்டன. ஆட்டங்கள் குறைக்கப்பட்டன, பயிற்சி நாட்கள் கூட்டப்பட்டன, தேசிய அணியின் தெரிவாளர்கள் அங்கு வந்து வீரர்களைப் பார்வையிட்டனர்.

நோக்கம் நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், அன்றுவரை உறுப்பு அமைப்புக்களின் மேல் மத்தியஸ்தராக இருந்த சம்மேளனம், அன்று தொட்டுத் தானும் ஓர் ஆட்டக்காரராக மைதானத்தில் இறங்கியது. ஊதுகுழலைக் கையில் வைத்திருப்பவரே பந்தையும் உதைக்கத் தொடங்கினால், ஏனையோர் அவருடைய தீர்ப்பை ஐயுறாதிருப்பது எங்ஙனம்?

இப்பிணக்கின் சுமை பிள்ளைகளின் தோளிலே விழுந்தது 2012ஆம் ஆண்டிலாகும். அக்கடமியின் பருவம் பத்து மாதங்களாக நீட்டப்பட்டது. அதில் ஆடும் இளைஞர் தத்தம் உயர்நிலைப் பாடசாலையின் அணியில் ஆடலாகாது என்ற விதி வந்தது. தனியார் பாடசாலைகளில் உதவிப்பணம் பெற்றுப் பயின்ற சிலருக்கு மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது. பாடசாலையின் நிறம் தாங்கிய சட்டையை அணிந்து, சகமாணவரும் ஆசிரியரும் அயலாரும் ஆரவாரிக்க ஆடுவது எத்துணைப் பெருமை என்பதை நேயர்கள் அறிவர். பதினாறு வயது இளைஞன் ஒருவன் அப்பெருமையையும் எதிர்காலத்தையும் தராசின் இரு தட்டுகளிலும் வைத்து ஒன்றைத் துறக்கவேண்டியதாயிற்று. அக்கடமியிற் சேர்ந்தவரிலும் மிகச் சிலரே தொழில்முறை வீரராயினர். பாடசாலையில் ஆடும் வாய்ப்பை இழந்தவரோ அவர்களிற் பெரும்பாலோர்.

சிறுமியர் பக்கத்திலே போட்டி இன்னும் கடுமையாயிற்று. 2007இல் தோன்றிய அக்கடமி ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அக்குறையை நிரப்ப, 2009ஆம் ஆண்டில் நாற்பது கழகங்கள் யூ.எஸ். கிளப் சொக்கரின் அனுசரணையுடன் ஒன்றுசேர்ந்து சிறுமியருக்கெனத் தேசிய லீக் ஒன்றை அமைத்தன. தேர்ந்த கழகங்களின் தேசிய லீக் எனப் பொருள்படும் பெயரின் முதலெழுத்துக்களால் அது ஈ.சி.என்.எல். என்று வழங்கலாயிற்று. பாடசாலை ஆட்டத்தை அது தடை செய்யவில்லை. பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் அதன் போட்டிகளை நாடிவந்து வீராங்கனைகளைத் தெரிந்தெடுத்தனர். எட்டு ஆண்டுகள் அது தழைத்தபின், 2017இல் சம்மேளனம் சிறுமியருக்கும் தன் அக்கடமியை விரித்தது. அவ்வாண்டிலேயே ஈ.சி.என்.எல். ஆண்பிள்ளைகளுக்கான பிரிவைத் தொடங்கிப் பதிலளித்தது. கழகங்கள் இங்குமங்கும் மாறின. நேற்றுவரை எதிரெதிரே ஆடிய அயற்கழகங்கள், வேறுவேறு லீக்கில் இருந்தமையால், தம்முள் ஆடாது தொலைதூர மாநிலங்களுக்குப் பயணஞ் செய்தன. அச்செலவைச் செலுத்தியோர் பெற்றோரே.

அதே ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி பேரிடியொன்று விழுந்தது. திரினிடாட் டொபாகோ நாட்டின் கூவா நகரில், தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டத்தில், அட்டவணையிற் கடைசி இடத்தில் நின்ற அணியிடம் அமெரிக்கா இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்று, 2018ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டியில் இடத்தை இழந்தது. அமெரிக்காவின் ஒரே கோலை அடித்தவர் பத்தொன்பது வயதான கிறிஸ்டியன் புலிசிச். அவர் அக்கடமிக் கழகமொன்றிலும் பிரேடன்டன் நிலையத்திலும் பயின்றவரே. ஆயினும், பதினாறாம் வயதில் ஜெர்மனியின் பொருசியா டோர்ட்முன்ட் கழகத்தை அடைந்து அங்கு தேர்ச்சி பெற்றவர். பாட்டனார் வழிவந்த குரோவேசியக் குடியுரிமை அவருக்கு அவ்வழியைத் திறந்தது. தோல்வியை அடுத்து 2018 பெப்ரவரியில் நடந்த சம்மேளனத் தலைவர் தேர்தலில் எண்மர் போட்டியிட்டனர். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே ஆட்டம் என்ற நிலை மாறவேண்டும் என்பது அவர்களுடைய விவாதங்களில் அடிக்கடி எழுந்த பொருளாகும்.

பணப் பிரச்சினைக்கு வேறொரு வேரும் உண்டு. ஒரு வீரன் பிறநாட்டுக் கழகத்துக்கு விற்கப்படும்போது, விலையில் நூற்றுக்கு ஐந்து வீதம் வரையில், அவனைப் பன்னிரண்டு வயது முதல் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படவேண்டும் என்பது சர்வதேசச் சம்மேளனமாகிய பீபாவின் விதி. அமெரிக்காவிலோ இவ்விதி நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. 2014இல் டியான்ட்ரே யெட்லின் என்ற வீரர் சியாட்டில் நகரிலிருந்து இங்கிலாந்தின் டொட்டன்ஹாம் கழகத்துக்கு மாற்றப்பட்டபோது, இளமையில் அவரைப் பயிற்றுவித்த கழகம் தன் பங்கைக் கோரிப் பீபா வரை சென்றது. 2019ஆம் ஆண்டிலேதான் மேஜர் லீக் சொக்கர் தன் கழகங்களின் சார்பில் இத்தகைய கொடுப்பனவுகளைக் கோரப்போவதாக அறிவித்தது. நல்ல வீரனை வளர்ப்பதால் வருவாய் இல்லையெனில், சிறு கழகம் கட்டணத்தையன்றி வேறெதனை நம்பும்? அமைப்புக்கள் பிள்ளைகளை ஈர்க்கப் போட்டியிட்டதன் மூலகாரணத்தை இங்கேயுங் காணலாம்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது மைதானங்கள் வெறிச்சோடின. ஏப்ரல் 15ஆந் திகதி சம்மேளனம் தன் அக்கடமியை, ஆண் பெண் இருபாலாருக்கும், முற்றாக மூடிவிட்டது. பதின்மூன்று ஆண்டு முயற்சி ஓர் அறிவித்தலுடன் முடிந்தது. மேஜர் லீக் சொக்கர் ஆண்பிள்ளைகளுக்கெனத் தனது லீக்கை அமைத்து அதற்கு எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் எனப் பெயரிட்டது. சிறுமியருக்கு கேர்ள்ஸ் அக்கடமி என்ற புதிய லீக் தோன்றியது. கழகங்கள் பல ஈ.சி.என்.எல்.ஐ நாடின. இளைஞர் சங்கமும் தன் உயர்தரப் போட்டிகளைப் புதுப்பித்தது. மத்தியஸ்தர் மைதானத்தை விட்டு வெளியேறினார். ஆட்டக்காரரின் தொகையோ பெருகிற்று.

இப்போட்டியால் நன்மையே விளையவில்லை எனக் கூறுதல் நியாயமன்று. சிறுமியருக்கு உயர்ந்த தரமான ஆட்டம் கிடைத்தது. தொழில்முறைக் கழகங்களிற் பெரும்பாலானவை தம் இளைஞரைக் கட்டணமின்றிப் பயிற்றுவிக்க முன்வந்தன. ஆனால், ஒவ்வோர் அமைப்பும் வீரரின் வளர்ச்சி என்ற ஒரே கொடியையே உயர்த்திப் பிடித்தபோதிலும், அக்கொடியின் நிழலில் நிற்கமுடியாத பிள்ளைகளின் கணக்கை எவரும் தம் வெற்றிப் பட்டியலில் எழுதவில்லை.

அண்மைய நிகழ்ச்சியொன்று இவ்வரலாற்றுக்குச் சற்று வேறான நிறந் தருகின்றது. சம்மேளனம் 2017ஆம் ஆண்டளவில் வயதுப் பிரிவுகளைச் சனவரி முதலாந் திகதியிலிருந்து கணிக்குமாறு கட்டாயப்படுத்தியிருந்தது. அதனால் ஒரே வகுப்பிற் படித்த தோழர் வெவ்வேறு அணிகளாகப் பிரிந்தனர். தம் அணித் தோழர் உயர்நிலைப் பாடசாலைக்குச் சென்றபோது சிலர் அணியின்றி நின்றனர். பின்னர் அவ்விதியைச் சம்மேளனம் தளர்த்தவே, இளைஞர் சங்கம், யூ.எஸ். கிளப் சொக்கர், ஏ.வை.எஸ்.ஓ. ஆகிய மூன்றும், 2026-27ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து பாடசாலை ஆண்டை ஒட்டியே அணிகளை அமைப்பதென ஒருங்கே முடிவு செய்தன. வீரரையும் கட்டணத்தையும் வாக்கையும் பற்றிப் பல்லாண்டுகள் பிணங்கிய அமைப்புக்கள், வகுப்புத் தோழர் இருவர் ஒரே அணியில் ஆடவேண்டும் என்ற சிறு காரியத்தில் இணங்கின. பிள்ளையின் பக்கத்தில் நின்று நோக்கினால் இணக்கம் எளிது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.