ரூபாய்க் குறி வீட்டுக் கணினிக்கு வந்த கதை

2011, 2012 ஆம் ஆண்டுகளின் ஆங்கில அறிக்கைகளிலிருந்து தொகைகளைத் திரட்டும் ஆய்வாளர் பலர் ஒரு விந்தையைச் சந்தித்திருப்பர். பிடிஎஃப் கோப்பில் ₹ 45 எனக் கண்ணுக்குத் தெரிவதை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால் ` 45 என்று மாறிவிடுகிறது. எண்ணுக்கு முன் நிற்கும் அந்தச் சிறு கீற்று அச்சுப்பிழை அன்று. ஓர் அரசு முடிவு மக்களின் கணினிகளுக்குள் நுழையப் பட்ட பாட்டின் தடயம் அது.

புதிய ரூபாய்க் குறிக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த நாள் 2010 ஜூலை 15. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற உதயகுமார் வரைந்த வடிவம் அது. உள்நாட்டில் ஆறு மாதங்களிலும் உலக அளவில் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதங்களிலும் குறி வழக்குக்கு வரும் என்று அன்றே அறிவிக்கப்பட்டது. பாடநூல்கள் பதிவு செய்திருப்பதும் இந்த ஜூலை நாளைத்தான். ஆயினும் அன்று நாட்டிலிருந்த கணினி எதிலும் அக்குறிக்கு இடமில்லை.

கணினியைப் பொறுத்தவரை எழுத்து என்பது முதலில் ஓர் எண். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் தருவது எழுத்துரு. ஆகவே புதுக்குறி ஒன்று வீட்டுக்கு வந்து சேர மூன்று படிகள் தேவை. ஒருங்குறித் தரத்தில் அதற்கு எண் ஒதுக்கப்பட வேண்டும். எழுத்துரு வடிவமைப்போர் அந்த எண்ணுக்கு வடிவம் சேர்க்க வேண்டும். அப்புதிய எழுத்துரு ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்பட வேண்டும். முதல் இரண்டும் வல்லுநர் கையில் உள்ளவை. மூன்றாவது வீட்டிலிருப்பவர் கையில் உள்ளது.

முதற்படி வியக்கத்தக்க விரைவில் முடிந்தது. 2010 அக்டோபர் 11 அன்று வெளிவந்த ஒருங்குறி 6.0 பதிப்பில் ரூபாய்க் குறி 8377 என்ற எண்ணைப் பெற்றது. (ஒருங்குறி அட்டவணை இதனைப் பதினறும முறையில் எழுதும், இங்கே பதின்ம முறையில் தருகிறேன்.) அதற்கு முந்திய நாள் வெளியான உபுண்டு 10.10 இயங்குதளம் தன் புதிய எழுத்துருவிலேயே குறியைச் சேர்த்திருந்தது. ஆனால் வீடுகளில் பெருவழக்காக இருந்தது விண்டோஸ். விஸ்டாவுக்கும் விண்டோஸ் 7க்கும் உரிய புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2011 மே மாதத்தில். அறிவிக்கப்பட்ட ஆறு மாதங்கள் அதற்குள் கடந்து ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அப்புதுப்பிப்பு பல எழுத்துருக்களில் குறியைச் சேர்த்தது. இந்திய ஆங்கில விசைப்பலகையில் வலப்புற ஆல்ட் விசையுடன் 4ஐ அழுத்தினால் குறி தோன்றவும் வழிசெய்தது.

விண்டோஸ் எக்ஸ்பி அப்பட்டியலில் இல்லை. 2001இல் வந்த அந்த இயங்குதளத்திற்கான முதன்மை ஆதரவு 2009 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதன்பின் 2014 ஏப்ரல் 8 வரை பொதுப் பயனர்க்குக் கட்டணமின்றிக் கிடைத்தவை பாதுகாப்புத் திருத்தங்களே. நாணயக் குறி பாதுகாப்புச் சிக்கல் அன்று. ஆகவே இந்திய வீடுகளிலும் அலுவலகங்களிலும் இணைய மையங்களிலும் அன்னாளில் பெருந்தொகையாக ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்பி கணினிகளுக்கு, நாட்டின் நாணயக் குறி முறையான வழியில் வந்து சேரவே இல்லை.

விண்டோஸ் 7 வைத்திருந்தோர் அனைவரும் பெற்றார்களா என்றால், அதுவுமில்லை. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றை என வரையறுத்தது. அவ்வரையறை 512 கிலோபிட்டாக உயர்ந்தது 2013இல்தான். 256 கிலோபிட் வேகம் சற்றும் குறையாமல் கிடைத்தாலும் 100 மெகாபைட் புதுப்பிப்புகளை இறக்க ஐம்பது நிமிடங்களுக்கு மேல் ஆகும். மாத அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் வசூலித்த திட்டங்களும் இருந்தன. தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைப்பது அக்காலத்தில் அறியாமை அன்று, சிக்கனம். உரிமம் பெறாத விண்டோஸ் பிரதிகளின் நிலை வேறு. 2005 முதல் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அல்லாத புதுப்பிப்புகளுக்கு உரிமச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. கடைக்காரர் நிறுவிக் கொடுத்த பிரதியின் உரிமம் எத்தகையது என்பதே பல வீட்டாருக்குத் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்பியதுதான் அந்தச் சிறு கீற்று. மங்களூரைச் சேர்ந்த ஃபோரேடியன் நிறுவனம் 2010 ஜூலையிலேயே, குறி அறிவிக்கப்பட்ட சூட்டோடு, ஓர் எழுத்துருவை இலவசமாக வெளியிட்டது. டேப் விசைக்கு மேலுள்ள ` விசையை அழுத்தினால் அவ்வெழுத்துருவில் ரூபாய்க் குறி தெரியும். கோப்பை எழுத்துருக் கோப்புறையில் இட்டால் போதும். இயங்குதளத்தின் வயதோ உரிமமோ இணைய வேகமோ குறுக்கிடாது. ஆனால் கணினி சேமித்தது 8377ஐ அன்று, கீற்றுக்குரிய 96ஐ. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலும், உரையை மட்டும் பிரித்தெடுத்தாலும் கீற்றே எஞ்சும்.

தமிழ்க் கணிமையின் வரலாறு அறிந்தோருக்கு இது பழகிய கதை. ஒருங்குறிக்கு முன், ஆங்கில எழுத்தின் எண்ணில் தமிழ் வடிவத்தைப் பொருத்திய எழுத்துருக்களில் பாமினியும் ஒன்று. அவற்றில் தட்டிய ஆவணங்களை எழுத்துரு இன்றித் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழ் மரபின் ரூபாய்க் குறியான ௹ 2003இல் ஒருங்குறி 4.0 பதிப்பிலேயே இடம்பெற்றது. இன்றும் அதனைத் தட்டத் தெரிந்தோர் சிலரே. தரத்தில் இடம் பெறுவது வேறு, கையில் வந்து சேர்வது வேறு.

ஐரோப்பாவின் யூரோக் குறியும் இதே வழியில் வந்ததுதான். விண்டோஸ் 98இல் அது உடன்வந்தது; விண்டோஸ் 95க்குத் தனித் திருத்தம் நிறுவ வேண்டியிருந்தது. ஆனால் குறியின் வடிவம் வெளியானது 1996இல், யூரோ நாணயமும் தாளும் புழக்கத்துக்கு வந்தது 2002இல். இடையில் ஐந்தாண்டு அவகாசம் இருந்தது. நமக்கோ, அறிவிப்புக்கு மறுநாளே ஆவணங்களில் குறியை இட வேண்டும் என்ற ஆவல் இருந்தது. அதனைத் தாங்கும் கணினிகள் இல்லை. அந்த ஆவலைக் குறை சொல்வதற்கில்லை. அதன் விலையை ஆவணங்கள் இன்றும் செலுத்திக்கொண்டிருக்கின்றன.

ஆய்வாளர்க்கு இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது நடைமுறை சார்ந்தது. அந்த ஆண்டுகளின் ஆவணங்களில் ₹ குறியை மட்டும் தேடித் தொகைகளைக் கணக்கிட்டால் பெரும்பகுதி நழுவிப்போகும். ` குறியையும் ஆர்.எஸ். என்ற ஆங்கிலச் சுருக்கத்தையும் சேர்த்தே தேட வேண்டும். கீற்று வருமிடமெல்லாம் ரூபாய் என்று கண்மூடி மாற்றுவதும் தவறு. பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, காலவரிசை பற்றியது. தொழில்நுட்ப வரலாறு எழுதும்போது அரசாணையின் நாளையும் தரம் வெளியான நாளையும் குறித்துவிட்டு நிறைவடைந்து விடுகிறோம். வீட்டுக் கணினியின் திரையில் ஓரமாகத் தோன்றிய ‘புதுப்பிப்புகள் தயார்’ என்ற அறிவிப்பை ஒருவர் ஏற்றாரா, மூடினாரா என்பது எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் நாணயக் குறி மக்களிடம் சென்றடைந்த வேகத்தைத் தீர்மானித்தவற்றுள் அதுவும் ஒன்று.

பழைய கணினிகளையும் 2010–2014 காலத்துக் கோப்புகளையும் இன்னும் வைத்திருப்போர் அவற்றை அழிக்குமுன் எழுத்துருக் கோப்புறையை மட்டுமாவது படியெடுத்து வையுங்கள். எந்த எழுத்துரு எந்த நாளில் நிறுவப்பட்டது என்பதற்கு வேறு சான்று கிடைப்பது அரிது.