கணினி விழித்தெழும் ஓசை

அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் கணினித் திரையில் அசையாது உறைந்துவிட்ட இரவுகளைப் பத்திரிகைத் தொழிலில் இருந்த எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. 1990களில் பக்க வடிவமைப்பு கணினிக்கு மாறிய காலம் அது. இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்குவதைத் தவிர வேறு வழி தெரியாது. கறுத்த திரையின் முன்னால் நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்த ஒற்றை ஓசை எழுந்த பின்னரே யாராவது ஒருவர் தேநீர் கேட்பார். பக்கம் பிழைத்ததா என்பது பிறகுதான் தெரியவரும். ஆனால் இயந்திரம் பிழைத்துவிட்டது.

இந்த ஓசை அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணினி, இயக்கியவுடன் தன் உறுப்புகளைத் தானே சோதித்து, யாவும் சரியெனில் ஒருமுறை 'பீப்' என ஒலித்தது. கோளாறு இருந்தால் ஒலிக்கும் முறை மாறும். திரை இருண்டிருந்தாலும், நாடி பார்க்கும் வைத்தியரைப் போல, காதினாலேயே நோயை அறியலாம்.

அதனை இசையாக மாற்றியவர்களுள் அப்பிள் நிறுவனப் பொறியியலாளர் ஜிம் ரீக்ஸ் முக்கியமானவர். மக்கின்டொஷ் கணினிகள் அடிக்கடி செயலிழந்த காலம். வேலையை இழந்து நொந்திருப்பவரின் காதில், மறுபடி இயங்கும்போது கரகரத்த ஓசை விழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. மனத்தை ஆற்றும் ஒலி வேண்டுமென்று, தன் வீட்டிலிருந்த மின்னிசைக் கருவியில் சீ மேஜர் சுரக்கூட்டை அகல விரித்து வாசித்துப் பதிந்தார். 1991இல் குவாட்ரா கணினிகளில் அது இடம்பெற்றது. ஆக, அந்த இனிய ஒலியின் தாய் ஒரு தொழில்நுட்பத் தோல்வியே!

மைக்ரோசொப்ட் தன் விண்டோஸ் 95க்காகப் பிரித்தானிய இசையமைப்பாளர் பிரையன் ஈனோவை நாடியது. எதிர்காலத்தைக் காட்டவேண்டும், உணர்ச்சி வேண்டும், உலகுக்கே பொதுவாக வேண்டும் என நீண்ட பெயரடைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, எல்லாவற்றையும் மூன்றேகால் விநாடிக்குள் அடக்கும்படி கேட்டதாக அவர் 1996இல் கூறினார். அதற்காக 84 துண்டுகளை இயற்றினாராம். அவற்றை இயற்றியது மக்கின்டொஷ் கணினியில் என்று பின்னாளில் அவரே சொன்னதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

சோனியின் பிளேஸ்டேஷன் 1994இல் வந்தது. தக்கஃபூமி புஜிசாவா அமைத்த அதன் ஒலிக்கு இரு பகுதிகள். முதலாவது, இயந்திரம் இயங்கத் தொடங்கியதைக் குறிக்கும். இரண்டாவது, உள்ளிட்ட வட்டு ஏற்கப்பட்டால்தான் வரும். கீறல் விழுந்த வட்டை இட்ட சிறுவர்கள் அந்த இடைவெளியில் பட்ட பாட்டை அவர்கள்தான் அறிவர்.

பின்னர் கணினிகள் அணைக்கப்படுவது அருகி, மூடிவைத்துத் திறப்பதே வழக்கமாயிற்று. 2012இல் வந்த விண்டோஸ் 8 தொடக்க ஒலியை இயல்புநிலையில் நிறுத்திவைத்தது. அப்பிளும் 2016 முதல் புதிய கணினிகளில் அதனைக் கைவிட்டது. மக்கள் அதன் அருமையை உணர்ந்தது அப்போதுதான் போலும். அப்பிள் 2020இலும் விண்டோஸ் 2021இலும் ஒலியை மீட்டுக் கொடுத்தன. 2025இல் ஈனோவின் அந்தச் சில விநாடிகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

என் கணினியில் அந்த ஒலியை நான் நிறுத்திவைக்கவில்லை. நள்ளிரவில் அது எழும்போது வீட்டில் உள்ளோர் கடிந்துகொள்வதுண்டு.