வெளியீட்டு நாளும் மொழிபெயர்ப்பாளரும்: டெபியன் இயக்குதள வரலாற்றில் இந்திய மொழிகள் (2002–2007)

கணிப்பொறி இயக்குதளம் ஒன்றை எந்நாளில் வெளியிடுவது என்பது பொறியாளர்க்கு மட்டுமே உரிய சிக்கலாகப் பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், தன்னார்வலர் பலர் கூடி ஆக்கும் திறந்த மூல இயக்குதளங்களில், ஒரு மொழி அதனுள் இடம்பெறுமா என்பதையே வெளியீட்டுத் திட்டம் முடிவு செய்துள்ளது. 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தின் மூன்று வெளியீடுகளை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய முற்படுகிறது.

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் 'நிலையற்றது', 'சோதனை' என்னும் கிளைகளைக் கடந்து 'நிலையானது' என்னும் கிளையை அடைகிறது. இங்கு 'நிலையானது' என்பது பிழையற்றது என்று பொருள்படாது. இனி மாறாதது என்றே பொருள்படும். 'உறுதியானது' என்று பெயர்ப்பதைவிட 'நிலையானது' என்பதே ஏற்புடைத்து என்பதற்கு இதுவே காரணம். சோதனைக் கிளையில் மாற்றங்களை நிறுத்துவது 'உறைவு' எனப்படும். உறைவுக்குப் பின்னரே மூலத்தொடர்கள் அசையாது நிற்கும். நிரலாளர்க்கு வேலை ஓயும் அவ்விடைவேளையே மொழிபெயர்ப்பாளர்க்கு அறுவடைக் காலம்.

'ஊடி' எனப்பட்ட 3.0 பதிப்பு 2002 சூலையிலும், 'சார்ச்' எனப்பட்ட 3.1 பதிப்பு 2005 சூனிலும் வெளிவந்தன. இவற்றிற்கிடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழிந்தமைக்குப் புதிய நிறுவுநிரலை எழுதி முடிக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். சார்சின் நிறுவுநிரல் ஏறத்தாழ நாற்பது மொழிகளில் பேசிற்று. எனினும் அது எழுத்துமுறைத் திரையில் மட்டுமே இயங்கியது. அத்திரை ஒரு கட்டத்தில் ஓர் உருவை வைத்து, இடமிருந்து வலமாக நிரப்பிச் செல்வது. தமிழில் 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் வருகின்றன. ஒலி வரிசையும் உரு வரிசையும் ஒன்றல்ல. ஆகவே தொடர்கள் அனைத்தும் பெயர்க்கப்பட்டாலும் திரையில் தோன்ற வழியில்லை. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு, வேறொருவர் எழுதவேண்டிய நிரலுக்குக் காத்திருக்க நேர்ந்தது.

அடுத்த பதிப்பாகிய 4.0, அதாவது 'எச்', வரைகலை நிறுவுநிரலைச் சேர்த்துக்கொண்டது. தமிழ், வங்காளம், குசராத்தி, பஞ்சாபி, மலையாளம் ஆகியவை இவ்வழியே நுழைந்தன. கொல்கத்தாவின் பவானிபூர் போன்ற பகுதியை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். வங்காளியரும் குசராத்தியரும் பஞ்சாபியரும் அடுத்தடுத்து வாழும் அத்தகைய இடத்தில், ஒரே வட்டினைக்கொண்டு அவரவர் மொழியில் கணிப்பொறியை அமைக்க இயலும் நிலை அப்போதுதான் உருவாயிற்று. புதிதாக நிறுவப்படும் கணிப்பொறிகளில் ஒருங்குறி சார்ந்த யு.டி.எப்.-8 குறியேற்றம் இயல்பமைவானதும் இப்பதிப்பிலேயே.

எச் 2006 திசம்பரில் வெளிவரும் எனத் திட்டமிடப்பட்டிருந்தது. அவ்வாண்டில் வெளியீட்டு மேலாளர்க்கு மட்டும் ஊதியம் அளித்து வேலையை விரைவுபடுத்தும் 'டங்க்-டாங்க்' முயற்சி எழுந்தது. ஊதியமின்றி உழைத்த ஏனையோரிடையே இது மனக்கசப்பை விளைவித்தது. 1999 முதல் திட்டச் செய்திகளைத் தாங்கிவந்த டெபியன் வார இதழும் அவ்வேளையில் ஒழுங்கு குலைந்தது. இதனைச் சிறு செய்தியாகக் கொள்ளலாகாது. வெவ்வேறு நாடுகளிலுள்ள மொழிபெயர்ப்பாளர், உறைவு எப்போது, எத்தொடர்கள் மாறின என்பனவற்றை அறிவது இத்தகைய செய்திகளாலேயே. எச் 2007 ஏப்ரல் 8ஆம் நாள் வெளியாயிற்று. அதன் நிறுவுநிரல் 58 மொழிகளில் அமைந்தது. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு, ஆறு திங்களுக்கு ஒருமுறை வெளியிடுவதை நெறியாகக் கொண்டது. ஆயினும் அதுவே 2006இல் மொழியாக்கத்தையும் ஒரு காரணமாகக் காட்டி ஆறு வாரம் ஒத்திவைத்தது. நாள் தவறுதலை நிருவாகக் குறையாக மட்டும் காண்பது பொருந்தாது என்பதற்கு இதுவும் சான்று.

உறைவுக் காலத்தின் குறுக்கம் மொழிநடையிலும் தடம் பதித்துள்ளது. 'நீக்கு' என்னும் கட்டளைத் தொடரில் நீக்கப்படும் பொருளின் பெயர் பின்னர் நிரப்பப்படும் வெற்றிடமாக இருக்கும். அவ்விடத்தில் 'கோப்பு' வந்தால் 'கோப்பை' என்றும், 'படம்' வந்தால் 'படத்தை' என்றும் வேற்றுமை ஏற்கும். ஆங்கிலத்தில் பெயர் மாறுவதில்லை. ஆகவே மூலநிரல் இதற்கு இடமளிப்பதில்லை. மூலத்தொடரையே திருத்தியமைக்க வேண்டுமெனில் உறைவு தடுக்கும். அடுத்த பதிப்பு வரை பொறுக்கவேண்டும். அதனால் மொழிபெயர்ப்பாளர் 'என்பதை' என்னும் சொல்லை இடையே வைத்து, எப்பெயர் வரினும் அது திரிபடையாதவாறு செய்தனர். நூலுரைகளில் மேற்கோளைச் சுட்டப் பயின்ற 'என்பது', கணிப்பொறித் தமிழில் வேற்றுமையுருபைத் தாங்கும் முட்டுக்கோலாயிற்று. மொழிபெயர்ப்பின் செயற்கைத்தன்மை எனச் சிலர் இதனைப் பழிப்பர். அப்பழி மொழிபெயர்ப்பாளரைச் சாராது. பெயர்ச்சொல் திரியாது என எண்ணி எழுதப்பட்ட மூலத்தொடரையே சாரும்.

சென்னையிலுள்ள சிடாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் இயக்குதளமும் டெபியனை அடியாகக் கொண்டதே. ஆதலின், டெபியனில் உரிய காலத்தில் சேராத ஒரு திருத்தத்தை அதன்வழி ஆக்கப்படும் இயக்குதளங்கள் தனியே செய்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அவ்வேலையை மீண்டும் தொடங்கவும் வேண்டும்.