திருகோணமலையில் வீட்டு வேலி: செலவும் ஆயுளும்

திருகோணமலை மாவட்டத்தில் வீட்டுக் காணியைச் சுற்றி அடைக்கப்படும் மரவேலிக்கு மூன்று பாகங்கள்: நிலத்தில் நடும் தூண், குறுக்கே ஓடும் வரிச்சு, அவற்றின்மேல் வரியும் மட்டை, கிடுகு, பலகை அல்லது முள்ளுக்கம்பி. தூணாகக் காய்ந்த மரத்தை நடுவதும் உண்டு, துளிர்க்கும் கதியாலை நட்டு உயிர்வேலியாக வளர்ப்பதும் உண்டு. அடைக்கும் நாளில் கையைவிட்டுப் போகும் பணத்தைக் கொண்டே வேலியின் செலவைப் பலரும் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு அரைகுறையானது. உப்புக்காற்றும் கறையானும் மாரிமழையும் கூடி அரிக்கும் இந்தத் துறைமுகப் பகுதியில், ஒரு வேலி எத்தனை மாரி தாங்கும் என்பதே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. அவ்வாறு பார்த்தால், சுற்றெல்லைக்குக் கதியாலும், படலைக்கும் மூலைகளுக்கும் மட்டும் காய்ந்த வைரமரமுமாக அமைக்கும் கலப்பு வேலியே பெரும்பாலான வீடுகளுக்கு மலிவானது.

அளவும் பங்கும்

வேலிச் செலவைச் சுற்றளவே நிர்ணயிக்கிறது. பரப்பை மட்டும் அறிந்தால் போதாது. 20 பேர்ச் காணி 5,445 சதுர அடி. அது சதுரமாயின் சுற்றளவு ஏறத்தாழ 295 அடி. அதே 20 பேர்ச், 33 அடி முகப்பும் 165 அடி நீளமுமான ஒடுங்கிய துண்டாயின் சுற்றளவு 396 அடி. ஆறடிக்கு ஒரு தூண் வைத்தால் முன்னதற்கு 50, பின்னதற்கு 66. நான்கு வரி கம்பி இழுத்தால் 1,180 அடி ஒன்றுக்கு, 1,584 அடி மற்றதற்கு. பரப்பு ஒன்றாயிருந்தும் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஆனால் அந்த ஒடுங்கிய காணியின் முகப்பை விட்டு மற்ற மூன்று பக்கங்களின் செலவை அயலவரோடு பாதிப்பாதியாகப் பகிர்ந்தால், வீட்டுக்காரர் பொறுப்பில் மிஞ்சுவது சுமார் 215 அடிதான். மலிவான மரம் தேடி அலைந்து இவ்வளவு மிச்சம் பிடிப்பது கடினம். ஆகவே நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறித்து, அயலவரோடு பேசி முடித்த பின்னரே தூணுக்குக் குழி தோண்ட வேண்டும்.

காய்ந்த மரத்தின் கணக்கு

நல்ல மரத்துக்குப் பேர்போன இடம் இது. உலகச் சந்தையில் திருகோணமலையின் பெயரைத் தாங்கி நிற்பது சமண்டலை மரம்; பாலை மரம் நகரை அடுத்த பாலையூற்றின் பெயரிலேயே இருக்கிறது. பாலை, முதிரை போன்றவற்றின் வைரம் கறையானுக்கு எளிதில் இடம் கொடாது. ஆனால் அவை மெல்ல வளரும் மரங்கள், விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. காட்டுமரத்தை வெட்டுவதும் ஏற்றிச் செல்வதும் 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மலிவாக வந்து இறங்கும் தூண், வாங்குபவரையும் வழக்கில் மாட்டிவிடும். வெளிறுள்ள மலிவுக் கம்புகளுக்கு வேறு சிக்கல் உண்டு. தூணின் உச்சி திடமாக நிற்க, மண்மட்டத்தில் ஒரு சாண் பகுதி இற்றுப்போகிறது. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் அந்த இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. அடியைக் கருக்கினாலும் தார் பூசினாலும் சிதைவு தாமதிக்கும், நின்றுவிடாது. ஐப்பசி முதல் தை வரை அடிக்கும் வாடைக்காற்று மழையில் மண் இளகியதும் இற்ற தூண் சாயும். அதோடு வரிச்சும் கம்பியும் சேர்ந்து இழுபடும். ஒரு தூணின் மலிவு, இவ்வாறு பல முழ வேலியின் திருத்தச் செலவாக மாறுகிறது.

கம்பிக்கும் இதே விதிதான். உப்புவெளி, நிலாவெளி, மூதூர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று நாகப்பூச்சைத் தின்றுவிட, கம்பி உள்நாட்டில் நிற்பதைவிட விரைவில் துருவேறும். இறக்குமதியை நம்பிய பொருள் என்பதால் நாணயப் பெறுமதியும் அதன் விலையைத் தாக்கும். 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. அன்று கம்பியும் ஆணியும் வாங்கவேண்டி வந்தவர்களுக்கு, காணியிலேயே விளையும் வேலியின் பெறுமதியை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கதியால்

பூவரசு, கிளுவை, கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவை ஆகியவை தடியாக நட்டாலே வேர்விடும். பூவரசு உப்பைத் தாங்கும், கடலோரத்துக்கு ஏற்றது. சீமைக்கிளுவை விரைந்து தழைக்கும். 2005இல் இலங்கை அரசு இதை நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. மணிக்கட்டுப் பருமனான ஐந்து, ஆறு அடித் தடிகளை அடியில் சரிவாக வெட்டி, பட்டை கிழியாமல், மழை தொடங்கியதும் ஒன்றரை அடி ஆழத்தில் நட வேண்டும். இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் 295 அடிக்கு 148 தடிகள் போதும். அயலில் வேலி கதிக்கும், அதாவது கிளை தறிக்கும், வீடு இருந்தால் தடிக்குப் பெரும்பாலும் விலையே இல்லை, கூலி மட்டும்தான். கம்பியை இறுக்கிச் சுற்றினால் வளரும் பட்டை அதை விழுங்கிவிடும். சிறு தடியொன்றை இடையில் வைத்துத் தளர்வாகக் கட்டினால் கம்பியும் மரமும் தப்பும். கதித்து விழும் குழை ஆட்டுக்கும் எருவுக்கும், தடி விறகுக்கும் அடுத்த வேலிக்கும் உதவும். காய்ந்த தூண் ஆண்டுதோறும் மதிப்பை இழக்கும்போது, கதியால் ஆண்டுதோறும் எதையாவது திருப்பித் தருகிறது.

மறுப்புகள்

உயிர்வேலி அடர்ந்து வர ஓரிரு ஆண்டுகள் செல்லும் என்பது உண்மை. நகரத்தில் பிரெட்றிக் கோட்டையைச் சுற்றித் திரியும் புள்ளிமான்களும் கட்டாக்காலி மாடுகளும் அதுவரை காத்திருக்கமாட்டா. அந்த இடைக்காலத்துக்குக் கிடுகோ மட்டையோ வைத்து மறைக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்த பிறகும், தூண்களை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட அது குறைவு. கதிக்க ஆளில்லாத முதியோர் வீட்டுக்கும், ஒவ்வொரு அடியும் தேவைப்படும் நகரத்துச் சிறு துண்டுக்கும் இந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது; அங்கே வைரத்தூண் வேலி நியாயமான தெரிவு. மதில் எல்லாவற்றையும் தீர்க்கும் என்போர், அதன் அத்திவாரச் செலவையும், மாரியில் முற்றத்து வெள்ளம் வடிய வழியில்லாமல் போவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் வேலிக்கு எல்லைச் சாட்சி என்ற பெறுமதியும் உண்டு. 1871ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி 10 ஆண்டுகள் இடையூறின்றி எதிருரிமையாக ஆண்ட காணிக்கு உரிமை கோரலாம். போரால் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016இல் சிறப்புச் சட்டமே தேவைப்பட்டது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகள் 2015 முதலே விடுவிக்கப்பட்டன. அவ்வளவு காலத்தில் வெளிற்றுத் தூண் மண்ணாகிவிடும். வேரூன்றிய பூவரசு ஆளில்லாமலும் வளரும், நிலத்தை இயந்திரம் தட்டாதவரை எல்லையைக் காட்டும். உறுதியும் வரைபடமும் செய்யும் வேலையை மரம் முழுதாகச் செய்யாது. ஆயினும் அவற்றுக்குத் துணை நிற்கும். வேலி அடைக்கப் புறப்படுபவர் ஒரு முழத்துக்கு என்ன விலை என்று கேட்பதோடு, எத்தனை ஆண்டுக்கு அந்த விலை என்றும் கேட்கவேண்டியது இதனாலேயே.