வால்வாக்ஸ்

குளத்து நீரில் பச்சைப் புள்ளிகளாக மிதக்கும் ஒரு பாசியின் பெயர் இது. உருளுதல், சுழலுதல் என்று பொருள்படும் 'வால்வெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. குண்டறை சுழலும் ரிவால்வரும், ஆதியில் சுருட்டி வைத்த ஏட்டைக் குறித்த வால்யூமும் இதே வேரில் கிளைத்த சொற்கள்தாம்.

1700-இல் டச்சுக்காரர் லேவன்ஹூக் தம் உருப்பெருக்கியில் இந்தப் பச்சை உருண்டைகள் புரண்டு நகர்வதைக் கண்டு எழுதினார். 1758-இல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இதை விலங்குகளோடு சேர்த்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தானாக நகர்வதைத் தாவரம் என்று அன்று யார் சொல்வார்கள்?

பெயர் கச்சிதமானது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து. வழவழப்பான கூழின் மேற்பரப்பில் சில நூறு முதல் பல ஆயிரம் செல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். எல்லாம் ஒத்திசைந்து துடிக்க, பந்து தன்னைத்தானே சுற்றியபடி வெளிச்சத்தை நோக்கிப் போகும். உள்ளே குட்டிப் பந்துகள் வளரும். முதலில் அவற்றின் கசையிழை முனைகள் உட்பக்கம் நோக்கியிருக்கும். பிறகு குட்டி தன்னையே உள்வெளியாகத் திருப்பிக்கொள்ளும். கடைசியில் தாயைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். தாய் அதோடு மடியும்.

தென்னிந்தியாவில் வாழும் இக்குடும்பப் பாசிகளை விரிவாக ஆராய்ந்து 1933-இல் கட்டுரை வெளியிட்டவர், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எம்.ஓ.பி. அய்யங்கார்.