தாது வருடப் பஞ்சமும் ஆட்சியாளர் மீதான மக்கள் எதிர்பார்ப்பும் (1876 – 1878)

ஆய்வுச் சுருக்கம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் தமிழக மக்களின் நினைவில் ‘தாது வருடப் பஞ்சம்’ என நிலைத்துள்ளது. இப்பஞ்சம் பெரும்பாலும் இறப்பு எண்ணிக்கை, வேளாண் பொருளாதாரம், புலம்பெயர்வு ஆகிய நோக்குகளிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளது. நெருக்கடிக் காலத்தில் மக்கள் ஆட்சியாளரிடம் எதனை எதிர்பார்த்தனர், ஆட்சியாளர் மக்களிடம் எதனை எதிர்பார்த்தனர் என்ற வினாவை முன்வைத்து இக்கட்டுரை அப்பஞ்சத்தை அணுகுகிறது. அரசின் நிவாரணக் கொள்கையும் தமிழ் இலக்கியச் சான்றுகளும் இங்கு இணைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: தாது வருடப் பஞ்சம், நிவாரணக் கூலி, செங்கோன்மை, பஞ்சலட்சணத் திருமுக விலாசம், பஞ்ச விதித்தொகுப்பு.

முன்னுரை

1876ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில் தானிய விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. பஞ்சம் தாது ஆண்டோடு முடியவில்லை. அடுத்து வந்த ஈசுவர ஆண்டிலும் தொடர்ந்தது. ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்திருக்கக்கூடும் என்பது பின்னர் அமைந்த பஞ்ச ஆணையத்தின் மதிப்பீட்டால் அறியலாகும். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்து, 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது.

இவ்வளவு பெரிய அழிவுக்கு மழையின்மை மட்டும் காரணமன்று என்பதை ஆய்வாளர் பலரும் காட்டியுள்ளனர். மழை பெய்யாமைக்கு அரசு பொறுப்பேற்க இயலாது. ஆனால் மழை பெய்யாதபோது அரசு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஆண்டோருக்கும் ஆளப்பட்டோருக்கும் இடையே ஆழ்ந்த கருத்து வேறுபாடு நிலவியது. நிவாரணம் என்பது அரசின் கடமையா, கருணையா என்பதே அவ்வேறுபாட்டின் மையம்.

மரபு வகுத்த எதிர்பார்ப்பு

தமிழ் மரபில் பசியும் ஆட்சியும் பிரிக்க இயலாதவை. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் முறை தவறிய ஆட்சியை மழையின்மையோடு தொடர்புபடுத்துகிறது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, பாண்டியன் தவறிழைத்தபின் அந்நாடு மழை வறங்கூர்ந்த செய்தியைக் கூறுகிறது. இவற்றை வெறும் நம்பிக்கை எனக் கொள்வதினும், ஆட்சியாளரின் பொறுப்புக்கு எல்லை வகுக்க மறுத்த ஓர் அரசியல் சிந்தனையாகக் கொள்வது பொருந்தும். இயற்கையின் பிழைக்கும் வேந்தனே விடை கூற வேண்டும் என்பது அச்சிந்தனை.

இறையனார் அகப்பொருள் உரை குறிக்கும் பன்னீராண்டுப் பஞ்சக் கதை இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. பாண்டியன் புலவர்களை அழைத்து, தன்னால் அவர்களைப் புரக்க இயலவில்லை என ஒப்புக்கொள்கிறான். வேற்றுநாடு சென்று, நாடு நாடாயின பின் மீண்டு வருமாறு வேண்டுகிறான். மழை பெய்தபின் ஆள் விட்டு அழைக்கிறான். இங்கு வேந்தன் பஞ்சத்தை வென்றவன் அல்லன். ஆயினும் இயலாமையை மறைக்காமல் சொன்னான், மக்களை மறக்கவில்லை. நெருக்கடியில் தலைவனிடம் எதிர்பார்க்கப்பட்டது அற்புதமன்று, உடனிருப்பும் உண்மையுமே என்பதை இக்கதை உணர்த்துகிறது.

அரசின் கோட்பாடு: சந்தையும் சோதனையும்

1866ஆம் ஆண்டின் ஒரிசாப் பஞ்சத்தில் அரசு காலம் தாழ்த்தியமையால் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தனர். அதனால் எழுந்த கண்டனத்தின் விளைவாக 1873–74இல் பீகாரில் வறட்சி தோன்றியபோது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி இறக்குமதி செய்யப்பட்டது. அந்நிவாரணத்தில் முதன்மைப் பங்கு வகித்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். இறப்புகள் மிகக் குறைவாக இருந்தன. ஆனால் அவருக்குக் கிடைத்ததோ பாராட்டன்று. வீண்செலவு செய்தார் என்ற பழி.

அதே டெம்பிள் 1877 சனவரியில் சென்னை மாகாணத்தின் பஞ்ச நிலையை ஆராய இந்திய அரசால் அனுப்பப்பட்டார். இம்முறை சிக்கனமே அவரது குறிக்கோளாயிற்று. அதற்கு முன்னரே சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு 30,000 டன் தானியத்தை வெளிப்படையாக அறிவிக்காமல் வாங்கியிருந்தது. தனியார் வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையுடைய இந்திய அரசு இதனை ஏற்கவில்லை. விலை உயர்ந்தால் வணிகர் தாமே தானியம் கொணர்வர் என்பது தலைமை ஆளுநர் லிட்டன் அரசின் நம்பிக்கை. வாங்கும் ஆற்றலை முற்றும் இழந்த கூலித் தொழிலாளிக்கு அருகிலுள்ள சந்தையில் தானியம் குவிந்திருப்பினும் பயனில்லை என்பதை அந்நம்பிக்கை கணக்கிற்கொள்ளவில்லை.

நிவாரணம் பெறுவோர் உண்மையிலேயே வறியவர்தாமா என அறிய ‘சோதனை’கள் விதிக்கப்பட்டன. வீட்டைவிட்டுத் தொலைவிலுள்ள பணிக்களத்திற்குச் செல்லுதல், கடும் உடலுழைப்புக்கு உடன்படுதல், உயிர்தாங்க மட்டுமே போதுமான கூலியை ஏற்றல் ஆகியன அவற்றுள் சில. மக்கள் அரசை நோக்கிப் ‘பசிக்கிறது’ என்றனர். அரசு அவர்களை நோக்கி ‘மெய்ப்பி’ என்றது.

கூலியும் மறுப்பும்

டெம்பிளின் பரிந்துரைப்படி ஓர் ஆணின் நாட்கூலி ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதனோடு ஒரு சிறு தொகையுமாகக் குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது என்பதை உடலியல் நோக்கில் எடுத்துரைத்த அவர், பணிக்களங்களில் மெலிந்து வந்த மக்களின் நிலையைச் சான்றாக்கினார். 1877 மே மாதத்தில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. ஓர் அரசு அலுவலரே அரசின் கணக்கை மறுத்தமை இப்பஞ்ச வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

மக்களின் மறுப்பும் பதிவாகியுள்ளது. பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியில் குறைந்த கூலியை ஏற்காது தொழிலாளர் திரளாகப் பணிக்களங்களை விட்டு வெளியேறினர். அவர்களுக்காகப் பூனா சார்வஜனிக் சபை அரசுக்கு முறையீடுகள் அனுப்பியது. பசித்தவர் கூலியை மறுப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் மறுத்தது உணவையன்று; பிச்சையினும் இழிந்த ஓர் அளவை நியாயக் கூலி என ஏற்கும்படி விதித்த நிபந்தனையையே. தமிழ்ப் பகுதிகளிலும் நிவாரண முகாமில் பொதுச்சமையல் உணவை ஏற்கச் சாதி வழக்கமும் மானவுணர்வும் தடையாயின. அவ்வாறு தயங்கியோரை அரசு ‘தேவையற்றோர்’ எனக் கணக்கிட்டது. கடல்கடந்து இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றோர் தொகை பெருகியதும் இக்காலத்திலேயாகும்.

தலைவர் எங்கிருந்தார்?

1877 சனவரி 1ஆம் நாள் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழா தில்லியில் நிகழ்ந்தது. நாடெங்குமிருந்து சிற்றரசர்களும் உயர் அலுவலர்களும் வரவழைக்கப்பட்டனர்; சென்னை ஆளுநரும் அங்குச் சென்றார். பேரரசி என்ற பட்டம் இந்திய மன்னர் மரபின் தொடர்ச்சியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் முயற்சியாகும். எனினும் அம்மரபு வேந்தனுக்கு விதித்த முதற்கடமையான பசிப்பிணி நீக்கலை நிறைவேற்றாது அதன் அலங்காரத்தை மட்டும் அரசு எடுத்துக்கொண்டது. நிவாரணத்தில் சிக்கனம், விழாவில் ஆடம்பரம் என்ற முரண் அக்காலத்திலேயே கண்டிக்கப்பட்டது.

1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் இலண்டன் மாநகரத் தலைவருக்கு உதவி வேண்டித் தந்தி அனுப்பியது. அதன் பயனாகப் பெருந்தொகை திரண்டது. இம்முயற்சியில் ஈடுபட்ட ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இருதொகுதி நூல் இப்பஞ்சத்திற்கான இன்றியமையா ஆவணமாக விளங்குகிறது. அதே ஆகஸ்டு மாத இறுதியில்தான் லிட்டன் சென்னைக்கு வந்தார். அதற்குள் பஞ்சம் ஏறத்தாழ ஓராண்டைக் கடந்திருந்தது.

ஆளுநரின் பெயர் ஒரு நீர்வழியில் நிலைபெற்றது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. மண் சுமந்தோரின் பெயர் எங்கும் இல்லை.

தமிழ் நூல்களின் சான்று

அரசு ஆவணங்கள் நிவாரணத்தைத் தொகையாகப் பேச, தமிழ் நூல்கள் அதனை முறையீடாகப் பேசுகின்றன. வில்லியப்ப பிள்ளை இயற்றி 1899இல் வெளிவந்த ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ இவ்வகையில் முதன்மையானது. தாது வருடப் பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் தம்மால் இயலாதெனக் கூறிச் சிவகங்கை சமீன்தாருக்குத் திருமுகம் எழுதித் தருவதாக இந்நூல் அமைகிறது. இதன் நகைச்சுவைக்கு அடியில் ஒரு கூர்மையான அரசியல் கருத்து உள்ளது. இறைவனும் கைவிரித்தபின் பசிக்கு விடை கூற வேண்டியவர் ஆள்பவரே என்பதே அக்கருத்து. பஞ்சம் கடந்து இருபதாண்டுகளுக்குப்பின் அச்சான அங்கத நூல் என்பதால் இதனை நேரடி நிகழ்ச்சிப் பதிவாகக் கொள்ளலாகாது. எதிர்பார்ப்பின் வடிவம் நீடித்தமைக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைக் கொண்டு பசித்தோருக்கு உதவியதும், அதனைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியதும் நன்கறியப்பட்டவை. முன்னாள் முன்சீப்பான அவர் அரசின் சார்பில் அன்றித் தனிமனிதராகவே இதனைச் செய்தார். மன்னனுக்குரிய புகழ்மொழி ஒரு தனிமனிதரை நோக்கி நகர்ந்தமை, மக்கள் மனத்தில் மன்னனின் இடம் வெறுமையாக இருந்ததைக் காட்டுகிறது எனலாம்.

எதிர்பார்ப்பு விதியாதல்

1878இல் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. பஞ்சத்தில் உதவுதல் அரசின் கடமை என அது ஏற்றது. அதன் அடிப்படையில் மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. பஞ்சத்தின் அறிகுறிகளைக் கண்டறிதல், பணிக்களம் திறத்தல், உழைக்க இயலாதோருக்கு இலவச உதவி அளித்தல் ஆகியன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. ஆளுநரின் மனநிலையைச் சார்ந்திருந்த உதவி ஒரு நடைமுறையாக மாறியது என்பது பெரும் முன்னேற்றமே.

ஆயினும் தானிய வணிகத்தில் தலையிடாமை என்ற கொள்கை கைவிடப்படவில்லை. ஆணைய உறுப்பினருள் கெயர்டும் சல்லிவனும் அரசே தானியம் சேமிக்க வேண்டும் எனத் தனிக்கருத்து எழுதினர், அஃது ஏற்கப்படவில்லை. விலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற மக்களின் எதிர்பார்ப்பு இவ்வாறு விதிக்கு வெளியே நின்றது. 1918இல் விலையேற்றத்தின்போது சென்னை மாகாணத்தில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டமை அவ்வெதிர்பார்ப்பு மறையவில்லை என்பதைக் காட்டிற்று.

முடிவுரை

தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் ஆட்சியாளரிடம் எதிர்பார்த்தவை மூன்று எனத் தொகுக்கலாம். தானியம் வாங்கத்தக்க விலையில் கிடைத்தல், மானம் குன்றாத உதவி, துயரின்போது தலைவரின் உடனிருப்பு ஆகியனவே அவை. அரசு முதலாவதைச் சந்தையிடம் விட்டது. இரண்டாவதைச் சோதனையால் சிதைத்தது. மூன்றாவதை விழாவினால் பதிலீடு செய்தது. பின்வந்த விதித்தொகுப்பு உதவியைக் கடமையாக்கியது. ஆனால் உதவி பெறுபவர் ஐயத்திற்குரியவர் என்ற நோக்கு நிவாரணச் சோதனைகளின் வடிவில் அவ்விதிகளினூடும் தொடர்ந்தது. ஒரு நெருக்கடியில் அரசை மதிப்பிட, அது எவ்வளவு செலவிட்டது என்ற கணக்கு மட்டும் போதாது. பசித்தவரின் சொல்லை அது நம்பியதா என்ற வினாவும் உடன் எழுப்பப்பட வேண்டும். தாது வருடப் பஞ்சத்தின் தமிழ்ச் சான்றுகள் இவ்வினாவோடு மீள வாசிக்கத்தக்கவை.